மீட்டலா, தூர்த்தலா? கடலில் எழுந்த நிலத்துக்கு ஒரு சொல்



பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் நம்முள் பலர் சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தில் இறங்கியிருப்போம். 1981இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் பரப்பில் பாதிக்கு மேற்பட்டது முன்பு கடலாக இருந்தது. ஜப்பானின் ஒசாக்கா விரிகுடாவில் 1994இல் திறக்கப்பட்ட கன்சாய் நிலையமோ முழுவதும் செயற்கைத் தீவின்மேல் நிற்கிறது. இவ்வகை நிலத்தை நாம் ‘மீட்பு நிலம்’ என்று எழுதி வருகிறோம். அச்சொல் பொருந்துமா என்பதே இன்றைய உரையின் பொருள்.

மீட்டல் என்னும் வினை மூவகைக் கேள்விகளை எழுப்பும்: மீட்பவர் யார், மீட்கப்படுவது எது, அஃது யாரிடம் இருந்தது? அடகுக்கடையிலிருந்து நகையை மீட்கிறோம். அது முன்பே நம்முடையது. மலாய்மொழியின் ‘தெபுஸ் குணா தானா’ என்னும் தொடரிலும் ‘தெபுஸ்’ என்பது அடகு மீட்கும் சொல்லே. புறப்பொருள் வெண்பாமாலை இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுக்கிறது. பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவரப்பட்ட தம் ஆநிரையை மீட்டல் கரந்தை. கடலரிப்பால் இழந்த கரையைத் திரும்பப் பெற்றால் மீட்பு எனலாம். என்றும் கடலாகவே இருந்த இடத்தை மீட்டோம் என்பது வெட்சி மறவனுக்குக் கரந்தைப்பூச் சூட்டுவதாகும்.

அவ்விடம் வெற்றிடமும் அன்று. நம் முன்னோர் கடலையும் கரையையும் சேர்த்தே நெய்தல் என்றனர். அதற்கு மக்களும் தொழிலும் தெய்வமும் வகுத்தனர். கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கேத்தாம் தீவு நண்டினால் பெயர் பெற்றது. பினாங்கில், பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையத்தை அடுத்த தென்கரைக் கடலில் மூன்று தீவுகள் அமைக்கத் திட்டமிட்டபோது, அங்குள்ள மீனவர்கள் எதிர்த்தனர். 2023இல் அத்திட்டம் ஒரு தீவாகச் சுருக்கப்பட்டது. ‘மீட்பு’ என்ற சொல்லுக்குள் அம்மீனவருக்கு இடமில்லை.

இதற்குத் தமிழில் நேரிய சொல் உண்டு. கிணற்றைத் தூர்த்தார்கள், குளம் தூர்ந்துபோயிற்று என்கிறோம். ‘தூர்த்தல்’ என்றதும் ‘எதை?’ என்ற கேள்வி எழும். ‘கடலை’ என்று விடை சொல்லியாக வேண்டும். மலாய்மொழியிலும் ‘தம்பாக்’ என்ற சொல் இருக்கிறது. ஜொகூர் நீரிணையைக் கடக்கும் அணைசாலைக்கு அதுவே பெயர். ஆகவே, பணியைக் ‘கடல் தூர்த்தல்’ என்றும், அதனால் அமைந்த இடத்தைத் ‘தூர்நிலம்’ என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து.

தூர்நிலம் வினைத்தொகை, முக்காலமும் காட்டும். கன்சாய் அதற்குச் சான்று. அடியிலுள்ள களிமண் படுகை இறுகுவதால், அத்தீவு கட்டத் தொடங்கிய காலம் முதல் 12 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது, இன்னும் தாழ்கிறது. 2018 செப்டம்பரில் வீசிய ஜெபி சூறாவளியில் ஓடுபாதை நீரில் மூழ்கியது. ஒரு கப்பல் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே சிக்கினர். அதன்பின் கடற்சுவரை உயர்த்தினர். மீட்டது என்றால் பணி முடிந்துவிடும். தூர்த்தது என்றால் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வானூர்தி நிலையமே வேண்டா என்பது நம் வாதம் அன்று. மக்கள் நெருங்கி வாழும் ஊரின் மேல் இரைச்சல் விழாதிருக்கவே ஒசாக்காவில் கடலை நாடினர். ஆயினும் சொல்லின் வலியை நாம் அறிவோம். சிப்பாங்கில் 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பன்னாட்டு வானூர்தி நிலையம் செம்பனைத் தோட்ட நிலத்தில் எழுந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல மறைந்தபோது அதற்கு வழங்கிய சொல் ‘மேம்பாடு’. லயன் வீடும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம்பெயர்ந்த துயரம் அச்சொல்லில் தெரியவில்லை. நமக்கு நேர்ந்ததை மறைத்த சொல்லை உணர்ந்த நாம், மீனவருக்கு நேர்வதை மறைக்கும் சொல்லை வகுப்பறையில் கற்பிக்கலாமா?

ஆசிரியர்களே, அடுத்த முறை மாணவர் ‘நில மீட்பு’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்க வேண்டா. ‘யாரிடமிருந்து மீட்டார்கள்?’ என்று ஓரத்தில் எழுதுங்கள். விடையை அவர்களே தேடட்டும்.