வழியிலே ஒரு வீடு

சக்கரத்தின்மேல் வீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் அமெரிக்க நாட்டிலே பெரிதும் பரவியிருக்கிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் ஒரே ஊர்தியில் அடங்கிவிடும். அவ்வூர்திகள் வந்து தங்குவதற்கென்றே நீச்சற்குளமும் விளையாட்டிடமும் கொண்ட செல்வ விடுதிகள் உள்ளன. நம் அண்டை மாநிலமாகிய கேரளமும் 2021ஆம் ஆண்டில் இத்தகைய பயணத்துக்கென ஒரு கொள்கையை வகுத்தது. இதைக் கேட்டு நாம் புதுமை என்று வியக்கிறோம். கூண்டு வண்டியில் இராமேசுவரம் போய்வந்த நம் முன்னோர் அவ்வளவாக வியந்திருக்க மாட்டார்கள்.

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் சம்பா அறுவடை முடிந்த பின்னரே குடியானவர் வீடுகளில் பயணத்தைப் பற்றிய பேச்சு எழும். வண்டியின்மேல் வளைத்துக் கட்டிய பாய்க்கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் சமுக்காளம். ஒரு மூலையில் பாத்திரங்களும் அரிசி மூட்டையும். வண்டியின் அடியிலே ஆடிக்கொண்டு வரும் விளக்கு. வீட்டின் சுருக்கம் ஒன்று சாலையில் நகர்ந்தது எனலாம். ஆனால் மாடுகளுக்கு ஓய்வு வேண்டும். மனிதருக்கு நல்ல கிணறு வேண்டும். இரவிலே கள்வர் பயம் இல்லாத இடம் வேண்டும். இத்தேவையிலிருந்துதான் சத்திரம் பிறந்தது.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியிலே பல சத்திரங்களைக் கட்டினார்கள். அவற்றுட் பலவும் அரண்மனைப் பெண்டிரின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம்; ஒரத்தநாட்டில் இருப்பது முக்தாம்பாள் சத்திரம். பின்னது, இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802இல் அமைத்தது. அதன் ஒரு பகுதி, குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்லும் தேரைப் போல அமைந்திருக்கிறது. வண்டியில் வந்து களைத்தவனைக் கட்டடமும் ஒரு வண்டியாகவே நின்று வரவேற்றிருக்கிறது. அதைக் கட்டியவர் சற்று நகைச்சுவை அறிந்தவர் போலும்!

மாலைப் பொழுதிலே இத்தகைய சத்திரம் எப்படி இருந்திருக்கும்? மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு ஆடவர் திண்ணைக்கு வந்து சேர்வர். மராட்டியும் தெலுங்கும் தமிழும் ஒரே கிணற்றடியில் ஒலிக்கும். எந்த ஊர் என்பதே முதற்கேள்வி. உங்கள் பக்கம் விளைச்சல் எப்படி, ஆற்றிலே தண்ணீர் எந்த மட்டும் வந்தது என்பன அடுத்தவை. செய்தித்தாள் இல்லாத நாளில், எந்தப் பாலம் வெள்ளத்தில் போயிற்று, எந்தச் சாலையில் தனித்துப் போகலாகாது என்பவற்றை எதிரே வருகிறவனிடம்தான் அறிய வேண்டும். ஆகவே அத்திண்ணைப் பேச்சு வெறும் பொழுதுபோக்கு அன்று. மறுநாட் பயணத்துக்கு அதுவே வழிகாட்டி.

சத்திரங்களில் நடந்தவற்றை நாம் ஊகித்து அறிய வேண்டியதில்லை. 1799இல் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியிடம் சென்றது. இவ்வறச்சாலைகளின் தன்மையை விளக்கிச் சரபோஜி மன்னர் 1801இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதி பெஞ்சமின் டோரின் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பொருளைச் சொல்கிறேன். அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் ஈறாக எல்லா வழிப்போக்கருக்கும், ஜங்கமர்களுக்குங்கூட, சோறு உண்டு. சமைத்த உணவை ஏற்காதவருக்கு அரிசியும் சாமான்களும் கொடுப்பர். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் யாரேனும் உளரோ என்று கூவி அழைப்பர். நோயுற்றவருக்கு மருத்துவர் உண்டு. வழியிலே பேறுகாலம் வந்துவிட்ட பெண், பிள்ளை பெற்ற பின்னும் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் அளித்து, வளர்ந்த பின் மணமும் செய்துவைப்பர்.

மாணவ நண்பர்களே, அந்த நள்ளிரவு மணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கேட்பவனுக்குக் கொடுப்பது ஒன்று. கேட்கக் கூசி மூலையிற் படுத்திருப்பவனை எழுப்பிக் கொடுப்பது வேறொன்று.

ஆயினும் இதைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லார்க்கும் சோறு உண்டு. எல்லார்க்கும் ஒரே பந்தி உண்டா? சாதிமுறை கடிதத்திலேயே தலைகாட்டுகிறது; வழியில் இறந்தோருக்கு ஈமக்கடன்கூட அவரவர் சாதிமுறைப்படியே நடந்தது. பிற்காலத்தில் இரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அது நீங்கியது. மற்றொன்றும் உண்டு. சத்திரத்துச் சோற்றுக்கு நெல் வந்தது, அதற்கென விடப்பட்ட கிராமங்களின் வயல்களிலிருந்து. இடுப்பு ஒடியக் குனிந்து நாற்று நட்டவர்களுள் எத்தனை பேருக்குத் தூர யாத்திரை கிட்டியிருக்கும்? தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்ததே 1952இல்தான்.

இனி, செல்வப் பயணத்தைப் பார்ப்போம். சரபோஜி மன்னரே 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை செய்தார். ஏறத்தாழ 3000 பேர் உடன் சென்றனர். தங்குமிடந்தோறும் ஓர் ஊரே எழுந்து அடங்கியிருக்கும். வழியில் ஏழைகளுக்குத் தானம் வழங்கியதாகவும் வரலாறு கூறுகிறது. எனினும் அப்படைவீட்டில் உறங்கியவர் மன்னரைச் சேர்ந்தவர்; ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் உறங்கியவரோ முன்பின் அறியாதவர்.

இன்றைய அமெரிக்க விடுதிகள் முன்னதையே ஒத்திருக்கின்றன. அவற்றுட் சில, 55 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே உள்ளவை. வேறு சில, ஊர்தி பத்தாண்டுக்கு மேற்பட்டதானால் வாயிலிலேயே தயங்கும். உள்ளே சென்றவர்கள் மாலையில் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து, எந்த ஊர், எந்தச் சாலை நல்லது என்று விசாரித்துக்கொள்கிறார்கள். நம் திண்ணைப் பேச்சேதான் அது! அதில் ஓர் இனிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தம் வயதும் தம் செல்வமும் உடையவரோடு மட்டும் பேசுவதற்கு அத்தனை தொலைவு போகவேண்டுமா என்பதே என் ஐயம்.

1855இல் மராட்டிய அரசு முடிவுற்றபின் சத்திரங்களின் நிருவாகம் கைமாறியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு இரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலத்தின்மேல் வண்டி ஓடத் தொடங்கவே, இராமேசுவரம் செல்வோர் மாட்டை அவிழ்த்துத் தங்கவேண்டிய தேவை அற்றது. தேர் வடிவிலான ஒரத்தநாட்டுச் சத்திரம் பின்னாளில் பள்ளி மாணவர்களுக்கு விடுதியாயிற்று. வழிப்போக்கர் படுத்த இடத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் பாய் விரித்துப் படித்தார்கள்.