இரண்டு காலிலும் நில்லுங்கள்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை மண்டபத்துக்கு ஏறும் படிக்கட்டில் நாம் ஒன்றைக் கவனித்தோம். மணி அடித்தால் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவர்கள் நாம். இன்று எம்மில் பலர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை வைத்து மறுகாலைப் பக்கத்தில் சேர்த்துத்தான் ஏறினோம். மேலே வந்ததும் இடுப்பின் பக்கத்தைத் தடவிக்கொண்டு, "வயசு போயிட்டுது" என்று சொல்லிச் சிரித்தோம். அந்த நோவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அதற்கு வயதை மட்டும் குறை சொல்லக்கூடாது என்பதுதான் நாம் முதலில் சொல்ல விரும்புவது.

எமது வகுப்புத் தோழி ஒருத்தியின் கதை இது. பெயர் வேண்டாம், அவரே சொல்லச் சொன்னார். இரண்டு வருடமாக வலது பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. நாற்காலியில் இருந்து எழும்பும்போது இடுப்பின் பக்கத்தில் குத்தும். நோ தொடையின் வெளிப்புறமாக இறங்கி முழங்கால் வரை வரும். முதலில் முள்ளந்தண்டு என்று நினைத்து எக்ஸ்ரே எடுத்தார். பிறகு மெத்தையை மாற்றினார். கண்டி வாவியைச் சுற்றி நடப்பதை விட்டார். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவதையும் விட்டார். "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கோ, சரியாகிவிடும்" என்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னவர்கள் வேறு யாருமல்ல, நாமே. அந்த ஓய்வு அவருடைய காலை இன்னும் பலவீனமாக்கியது. அதற்கு நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இங்கே சொல்வது, அதே ஆலோசனையை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதனால்.

நாம் மருத்துவபீடத்தில் படித்த காலத்தில் இதை நீர்ப்பை அழற்சி என்றே கற்றோம். இடுப்பின் பக்கத்தில் கையை வைத்து அழுத்தினால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதன்மேல் இருக்கும் சிறிய நீர்ப்பை வீங்கியதால் நோகிறது என்பதே அன்றைய விளக்கம். ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்கள் பரவலாக வந்த பிறகுதான், பெரும்பாலானோரில் பழுதுபட்டிருப்பது அந்த எலும்பு முனையில் வந்து சேரும் பிட்டத் தசைகளின் தசைநாண் என்பது தெளிவானது. நீர்ப்பை வீங்கியிருந்தாலும் அது பெரும்பாலும் பக்கவிளைவே. இந்த நோ ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நாற்பது தொடக்கம் அறுபது வயது வரை, அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, கூடுதலாகக் காண்கிறோம்.

அந்தத் தசைகளுக்கு என்ன வேலை? நாம் ஓர் அடி வைக்கும்போது ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவையே. இவை தளர்ந்தால் இடுப்பு சரியும் என்பதை ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் ட்ரென்டெலன்பேர்க் 1895ஆம் ஆண்டிலேயே விபரித்தார். நடக்கும் ஒவ்வோர் அடியிலும், ஏறும் ஒவ்வொரு படியிலும் இவற்றுக்கு வேலை உண்டு. பைரவகந்தையிலும் அம்பிட்டியவிலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தத் தசைநாணுக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. நசுக்கப்படுவது. காலை உள்பக்கமாகச் சேர்க்கும்போதெல்லாம் தொடையின் வெளிப்புறப் பட்டை இறுகி, தசைநாணை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. காலுக்கு மேல் கால் போட்டு இருக்கும்போது இது நடக்கிறது. ஒரு பக்க இடுப்பில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலைத் தளர விட்டு நிற்கும்போதும் நடக்கிறது. கோயில் சிலைகளில் அந்த வளைவு அழகாக இருக்கும். பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் அப்படி நின்றால், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றால், தசைநாண்தான் அழும்.

காலைப் பிரார்த்தனையில் நாம் இடுப்பை ஒடித்து நிற்கும்போது பின்னால் வந்து எமது உடற்கல்வி ஆசிரியை சொல்வாரே, "இரண்டு காலிலும் நில்லுங்கோ பிள்ளைகள்" என்று! அது ஒழுக்கத்துக்காக என்று நினைத்தோம். இன்று எம்மிடம் வருபவர்களுக்கு நாம் முதலில் சொல்லும் மருந்து அந்த வாக்கியமே.

இது அந்த நோதானா என்று எப்படி அறிவது? சுவர் ஓரமாக, தேவையானால் ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு, நோகும் காலில் மட்டும் 30 வினாடி நில்லுங்கள். அதற்குள் இடுப்பின் வெளிப்பக்கம் நொந்தால், அந்த எலும்பு முனையை அழுத்தும்போதும் நொந்தால், பெரும்பாலும் இதுவே. நோ கவட்டில் இருந்து, குனிந்து சப்பாத்துப் போடுவதும் கடினம் என்றால் மூட்டுத் தேய்வாக இருக்கலாம். முதுகில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை விறைப்போடு இறங்கினால் நரம்பைப் பார்க்க வேண்டும். தொடையின் முன்வெளிப்புறத் தோலில் மட்டும் எரிவும் மரப்பும் இருந்தால், சேலை உடுத்தும் அக்காமார் உள்பாவாடை நாடாவைத் தளர்த்திப் பாருங்கள். இடுப்பெலும்பின் ஓரமாக வரும் ஒரு தோல் நரம்பை அந்த நாடா இறுக்கக்கூடும்.

சிலவற்றுக்கு வீட்டில் வைத்தியம் பார்க்கவே கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை, காய்ச்சலோடு வரும் நோ, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, இரு தொடைகளுக்கு நடுவே மரத்தல் ஆகியவை இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சரி, மாற்றுவது எப்படி? முதல் வேலை நசுக்குவதை நிறுத்துவது. காலுக்கு மேல் கால் வேண்டாம். பதிந்த சோபாவைவிடச் சற்று உயரமான கதிரை நல்லது. படுக்கும்போது நோகும் பக்கம் மேலே இருக்கட்டும். முழங்காலில் இருந்து கணுக்கால் வரை இரு கால்களுக்கும் நடுவே தலையணை வையுங்கள். சந்தைப் பையை இரண்டாகப் பிரித்து இரு கையிலும் தூக்குங்கள். ஒன்றுதான் என்றால் நோகும் பக்கக் கையிலேயே தூக்குங்கள். கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் பாரம் எதிர்ப்பக்கம் இருந்தால்தான் அந்தத் தசை கூடுதலாக இழுக்க வேண்டும். ஊன்றுகோல் மாறாக எதிர்க் கையில் இருக்க வேண்டும். காலைக் குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சியை விட்டுவிடுங்கள். அதுவும் நசுக்குவதே. தைலம் பூசலாம், ஒத்தடம் கொடுக்கலாம். எலும்பு முனையை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இரண்டாவது வேலை தசையை மெல்ல மெல்ல வலுவாக்குவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இரு பாதத்தையும் ஊன்றி இடுப்பை உயர்த்துங்கள். கதிரையில் இருந்து கை ஊன்றாமல், இரு காலிலும் சம பாரத்தோடு எழும்பி மெதுவாக இருங்கள். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்து நடவுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, நாள்தோறும். சில வாரம் கழித்து ஒரு தாழ்ந்த படியில், இடுப்பு சரியாமல் ஏறி இறங்கிப் பழகுங்கள். செய்யும்போது சிறிது நோகலாம். அன்றிரவோ மறுநாள் காலையோ நோ கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். நடையையும் விடாதீர்கள். மலையேற்றத்தைக் கொஞ்சக் காலம் குறைத்து, சமதரையான வாவிக்கரையில் பாதிச் சுற்றில் தொடங்குங்கள்.

"ஊசி போட்டால் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிறிஸ்பேனிலும் மெல்பேர்ணிலும் 204 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. எட்டு வாரத்தின் பின், விளக்கமும் பயிற்சியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஸ்டீரொயிட் ஊசி போட்டவர்களில் 58 பேர். பொறுத்துப் பார்த்தவர்களில் 29 பேர். ஒரு வருடத்தின் பின்னும் பயிற்சி செய்தவர்களே முன்னால் நின்றார்கள். ஊசி கெட்டதல்ல, தூக்கமே இல்லாத நோவுக்கு அது உதவலாம். ஆனால் அது தசைக்கு வலுக் கொடுக்காது. நோ மாத்திரை விழுங்குபவர்கள், பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் இரைப்பைப் புண்ணும் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம். பயிற்சியை ஓர் இயன்மருத்துவரிடம் ஒருமுறையாவது காட்டிச் சரிபாருங்கள்.

இன்னொரு கூட்டத்தாரை மறக்கக்கூடாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துரவும், கலஹாவும் தெல்தோட்டையும் எமக்குத் தூரத்து ஊர்களல்ல. எம்மோடு விடுதியில் இருந்த பிள்ளைகளின் வீடுகள். அவர்களுடைய அம்மாமார் சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று கொழுந்து பறித்தார்கள். இன்றும் பறிக்கிறார்கள். இந்த நோவோடு அவர்கள் வந்தால், நாள் சம்பளத்தை விட்டு ஓய்வெடு என்று சொல்வது வைத்தியம் ஆகாது. நிரையில் திரும்பும்போது சரிவுப் பக்கத்தை மாற்றுவதும், நிறுவைக்குக் காத்திருக்கையில் இரு காலிலும் நிற்பதும், இரவில் காலுக்கு நடுவே ஒரு மடித்த கம்பளியும் அவர்களால் முடிந்தவை. சங்கத்தின் அடுத்த மருத்துவ முகாமில் இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மூலை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எமது தோழி இப்போது எப்படி இருக்கிறார்? மூன்று மாதம் சலிக்காமல் செய்தார். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்று மீண்டும் நோ கூடியது; அளவைக் குறைத்துத் தொடர்ந்தார். இப்போது வலது பக்கம் சரிந்து படுக்கிறார். வாவியை முழுச் சுற்று நடக்கிறார். மழை நாளில் சிறிது நோகிறது என்கிறார். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்து இந்த மலரைப் படிக்கும் சகோதரிகளே, இன்றே உங்கள் வகுப்பு அக்கா ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். "சுகமா?" என்று மட்டும் கேட்டால் "சுகம்" என்றே சொல்வார். "எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறீர்கள், அக்கா?" என்று கேளுங்கள். நாம் எமது தோழியிடம் இரண்டு வருடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இப்போது எல்லாரும் எழுந்து நிற்போம், பாடசாலைக் கீதத்துக்காக. இரண்டு காலிலும்.