விளம்பரச் சந்தையும் ஒரே தரகனும்



மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தரகன் இரண்டு பக்கமும் பேசுவான். அது தெரிந்த சங்கதி. ஆனால், சந்தைத் திடலும் அவனுடையதே, சுங்கம் வசூலிப்பதும் அவனே, மற்றவன் பிடித்த விரலைத் துண்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளும் பாத்தியதையும் அவனுக்கே என்றால் ஒப்புவீர்களா?

கூகுள் கம்பெனி விளம்பர வியாபாரத்தில் செய்து வந்தது ஏறக்குறைய இதுதான். பெரிய கம்பெனியென்றால் நமக்குப் பொறாமை என்று சிலர் சொல்லலாம். நம் பேச்சை நம்பவேண்டாம். விஷயத்தை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கைப்பேசியில் ஒரு பத்திரிகையைத் திறக்கிறீர்கள். பக்கம் விரிவதற்குள்ளாகவே அதிலுள்ள காலியிடம் ஏலத்துக்குப் போய்விடுகிறது. பத்திரிகைக்காரர் இடத்தை விற்க வைத்திருக்கும் கருவி பெரும்பாலும் கூகுளுடையது. ஏலக்கடையும் கூகுளுடையது. சோப்புக்காரரும் செருப்புக்காரரும் அந்த இடத்தை வாங்குவதற்கும் கூகுளே ஒரு கருவி வைத்திருக்கிறது. ஏலக்கடையின் கழிவு நூற்றுக்கு 20. சரியான போட்டி இருந்திருந்தால் இது இறங்கியிருக்க வேண்டாமா? வருஷக்கணக்காக இறங்கவில்லை. அன்றியும், மற்றக் கடைகள் கேட்ட விலையைத் தெரிந்துகொண்டு கடைசியாகத் தான் விலை கேட்கும் வசதியும் 2019 வரையில் அதற்கு இருந்தது. துண்டைத் தூக்குவது என்று நாம் சொன்னது இதைத்தான்.

இந்த வலு எப்படி வந்தது? டபுள்கிளிக் என்ற கம்பெனியை 310 கோடி டாலருக்குப் பேசி 2008-ல் வாங்கியதால் வந்தது. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் விசாரித்துவிட்டு, 2007-லேயே தடையில்லை என்று விட்டுவிட்டது. காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்!

2023-ல் அமெரிக்க சர்க்காரும் பல ராஜ்யங்களும் வழக்குத் தொடுத்தன. 2025 ஏப்ரல் 17-ல் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பளித்தார். பத்திரிகைக்காரர் கருவியிலும் ஏலக்கடையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்திற்று என்றும், இரண்டையும் சட்டவிரோதமாக முடிச்சுப் போட்டது என்றும் சொன்னார். விளம்பரக்காரர் பக்கத்துக் குற்றச்சாட்டு மட்டும் ருஜுவாகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நம் கடமை. அதே வருஷம் செப்டம்பரில் ஐரோப்பியக் கமிஷன் 295 கோடி யூரோ அபராதம் போட்டது.

“நமக்கு எல்லாம் இனாம்தானே, நமக்கென்ன?” என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கழிவு ஆகாயத்திலிருந்து வருவதில்லை. விளம்பரச் செலவைச் சோப்பு விலையில் சேர்த்துத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள். பத்திரிகைக்குக் குறைகிற காசு, ஊரூராய் அலைந்து செய்தி கொண்டுவருகிறவனுடைய சம்பளத்தில் குறைகிறது.

ஏலக்கடையை விற்றுவிடச் செய்யவேண்டுமென்று அமெரிக்க சர்க்கார் கோர்ட்டில் கேட்டது. கம்பெனியோ, நடத்தையைத் திருத்திக்கொள்ளுகிறோம், கடை எங்களிடமே இருக்கட்டும் என்றது. திடல் கைமாறாமல் தரகன் திருந்துவான் என்பதை நாம் நம்பத் தயாராயில்லை.