இரண்டு மருந்துச்சீட்டு, ஒரு உடம்பு

இண்டைக்கு நான் கோட்பாடு கதைக்க வரேல்லை. என்ரை அப்பாவின் குளிசைப் பெட்டியைப் பற்றிக் கதைக்கப் போறன்.

அப்பாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. இரத்தம் கட்டியாகிப் பக்கவாதம் வராமல் இருக்க வோர்பரின் எடுக்கிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டதை ஐ.என்.ஆர். சோதனை காட்டும். அவருக்கு அது 2க்கும் 3க்கும் இடையிலை நிக்கவேணும். போன வருசம் பல்லடியிலை சீழ் கட்டினது. பல் வைத்தியர் மெற்றோனிடசோல் எழுதினார். ஐந்தாம் நாள் முரசிலை இரத்தம், கையெல்லாம் கண்டல். ஆஸ்பத்திரியிலை பார்த்தால் ஐ.என்.ஆர். 7.

வோர்பரினை ஈரலிலை உடைக்கிற நொதியை மெற்றோனிடசோல் தடுக்கும். அப்பா வழமையான அளவுதான் போட்டவர், ஆனால் உடம்பிலை தங்கினது கூட. மருந்தாளர்களுக்கு இது பழைய விசயம். இரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது எண்டும் இல்லை. வேறு வழி இல்லையெண்டால் வோர்பரின் அளவை மாத்தி, சில நாளிலேயே இரத்தத்தைச் சோதிச்சுக் கொடுப்பினம். ஆனால் பயத்திலை நாங்களாகவே வோர்பரினை நிப்பாட்டக் கூடாது. பிறகு பக்கவாதம்தான்.

அப்ப எங்கை பிழைச்சது? இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரின் பதிவு பல் வைத்தியரின் திரையில் பொதுவாக வராது. அதனால்தான் அவை கேட்டவை, வேறை என்ன மருந்து எடுக்கிறார் எண்டு. போனிலை மொழிபெயர்த்தது நான், வேலை இடைவேளையிலை. அப்பா “இரத்தக் குளிசை” எண்டு சொன்னவர். நான் பிரஷர் குளிசை எண்டு சொல்லிப்போட்டன்.

அதை நினைச்சுக் கனநாள் அழுதன். இப்ப கோபமும் வருது. மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்குசெய்யவேண்டியது என்.எச்.எஸ். நாங்கள் பிள்ளைகள் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்யிறபடியால் ஒருத்தரும் கேக்கிறேல்லை. நேரம் பதியேக்கையே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்” எண்டு சொல்லுங்கோ.

வோர்பரின் எடுக்கிறவைக்கு ஒரு மஞ்சள் புத்தகம் குடுப்பினம். எங்கடை வீட்டிலை அது சாமிப்படத்துக்குப் பின்னாலை கிடந்தது! பல்லுக்குப் போனாலும் அதைக் கொண்டு போகவேணும். எல்லா மருந்தையும் ஒரே மருந்துக்கடையிலை எடுங்கோ. புதுசாக ஒண்டு தந்தால், பழைய பெட்டியைக் காட்டி “இதோடை இது சேருமா?” எண்டு மருந்தாளரைக் கேளுங்கோ. காசு கேக்க மாட்டினம். ஊரிலை இருந்து வந்த லேகியத்தையும் மறைக்காதேங்கோ.

அடுத்த சந்திப்புக்கு மருந்தாளரான தோழர் ஒருவர் வாறா. அம்மா அப்பாவின் குளிசைப் பெட்டியை அப்படியே கொண்டு வாங்கோ. துப்புரவாக்க வேண்டாம், பழசும் உள்ளுக்கை கிடக்கட்டும்.