தாய்மொழியில் வைத்தியம்

கொள்ளை நோய் செல்வர், வறியவர் என்ற வேற்றுமை பாராது என்பர். நோய் பாராதிருப்பினும் வைத்தியம் பார்த்துவிடுகின்றது. பட்டினத்தில் எளிதிற் கிடைக்கும் உதவி குக்கிராமத்துக் குடிசையை எட்டுவதில்லை. இக்குறையைப் போக்க யாழ்ப்பாணத்தில் நடந்த முயற்சியொன்று நினைவுகூரத்தக்கது.

அமெரிக்க மிஷன் வைத்தியரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே உள்ளூர் மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கினார். தேறியவர்களோ உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றி இருந்தன. ஆகவே 1860களில் அவர் மானிப்பாயில் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு உதவுவர் என்பது அவர் கருத்து. அவ்வாறு கற்றுத் தேறியோர் 33 பேர். அவர்கள் கற்பதற்கென நூல்களும் தமிழில் எழுந்தன. அறுவை மருத்துவங் கூறும் ‘இரண வைத்தியம்’ 1867இலும், உடலமைப்பை விளக்கும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. மாணாக்கரும் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர்.

இம்முயற்சி நடந்த காலத்திலேயே, 1866, 1867ஆம் ஆண்டுகளில், குடாநாட்டில் வாந்திபேதி பரவிப் பலரை மாய்த்தது. உடலின் நீரும் உப்பும் வெளியேற, சில மணி நேரத்தில் உயிர் பிரியும் நோய் அது. மாட்டுவண்டியிற் பட்டினம் சேர்வதற்கு அவகாசம் ஏது? அதற்கு உறுதியான சிகிச்சையும் அன்று இல்லை.

நூறாண்டு கழித்து, 1971இல், மேற்கு வங்காளத்து அகதி முகாமொன்றில் அதே நோய் மூண்டது. நாளத்தில் ஏற்றும் நீர் போதாதபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருகச் செய்தார். 100க்கு 30 வரை இருந்த மரணம் 4க்குங் கீழே இறங்கிற்று. அறிவை எளியோர் கையில் ஒப்படைத்தல் எத்துணை உயிர் காக்கும் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

கிறீன் அவர்களின் ஏற்பாட்டிலும் நிறைவுறாத பகுதி உண்டு. ஆண் வைத்தியரிடம் நோயைச் சொல்லக் கூசிய பெண்களுக்கென 1898ஆம் ஆண்டில் இனுவிலில் மக்லியோட் மருத்துவமனை எழுந்தபோதே அதில் ஒரு பகுதி நிரம்பிற்று.

2020இல் கொவிட் நோய் பரவியபோதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் ஊரவர் மொழியிற் பேசியே பணியாற்றினர். கொள்ளை நோய்க் காலத்திற் தலைமை தாங்குவோர் முதலில் வினவவேண்டியது ஒன்றே: நாம் கூறுவது யாரை இன்னும் எட்டவில்லை?