மலைத் தண்ணீரும் நம் ஏரியும்
(திண்டிவனம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செஞ்சி, மயிலம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு ஃபெஞ்சல் புயலை நினைவூட்டத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த அப்புயலால், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நம் பகுதிக்கு ஓராண்டில் கிடைப்பதே ஏறத்தாழ 100 செ.மீ. தான். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 40,000 லிட்டர், 50 செ.மீ. என்றால் 20 லட்சம் லிட்டர். அத்தனையும் எங்கே போயிற்று?

சங்கராபரணி ஆறு செஞ்சி மலைகளில் தோன்றுகிறது. அம்மலைகளைப் பார்த்திருப்பீர்கள், பாறைமேல் பாறை, மண் சொற்பம். ஓட்டுக் கூரையில் விழுந்த மழைபோல் தண்ணீர் உடனே இறங்கிவிடுகிறது. அதைத் தேக்க நமக்கிருப்பது 1959இல் கட்டப்பட்ட வீடூர் அணை. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. 34 சதுர கிலோமீட்டரில் பெய்த 50 செ.மீ. மழை முழுவதும் ஓடிவந்தாலே அணை நிரம்பிவிடும். அதன் நீர்பிடிப்போ பல மடங்கு பெரியது.

தெற்கே தென்பெண்ணையின் கதையும் இதுவே. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் பாய்ந்தால் வீடூர் அணை ஒருமுறை நிரம்பும்!

ஆகவே, ஆற்றில் தடுப்பணைகள் கட்டினால் போதும் என்பது எனக்கு உடன்பாடல்ல. 2020இல் திறக்கப்பட்ட தளவானூர் தடுப்பணை, 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கம் உடைந்தது. வரப்பும் உழவும்கூட 50 செ.மீ. மழையை நிறுத்தமாட்டா. ஆனால் அத்தகைய மழை அபூர்வம். ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமாக வருவது இரண்டு, மூன்று செ.மீ. மழைதான். அதையும் ஓடவிட்டுவிட்டுத்தான் மாசியில் கிணற்றை எட்டிப் பார்க்கிறோம்.

செம்மண் சரிவுகளில் மல்லாட்டை போடுபவர்கள் சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும். கோடையுழவு செய்த நிலம் முதல் மழையை அப்படியே குடிக்கும். நிலத்தின் தாழ்ந்த மூலையில் 30 அடிக்கு 30 அடி, 6 அடி ஆழத்தில், பக்கங்களைச் சரிவாக விட்டு ஒரு குட்டை வெட்டினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். கசிந்ததும் ஆவியானதும் போக மிச்சமிருப்பதை, விழுது இறங்கும் சமயம் மழை பொய்த்தால் இறைத்துக்கொள்ளலாம். அரை ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்டுவதற்குக் கிட்டத்தட்ட வரும். கசிந்ததும் வீணல்ல, கிணற்றுக்குத்தான் போகிறது.

ஏரியைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குகிறோம். பெருமழையில் வெளியேற வழியில்லாத நீர் கரைமேல் ஏறி உடைக்கிறது. ஓர் ஏரி உடைந்தால் அதன் வெள்ளம் கீழ் ஏரியையும் உடைக்கும். நிறைய நீர் வேண்டுமானால் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டலை எடுங்கள். ஏரி ஆழமாகும், வண்டல் உங்கள் நிலத்துக்கு எருவாகும்.

ஆவணி முடிவதற்குள் ஊரார் நாலுபேர் சேர்ந்து வரத்துக்கால் முழுவதும் நடந்து பாருங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, யார் வரப்பு உள்ளே வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மேலூர்க்காரர்களையும் அழைத்துப் பேசுங்கள். புரட்டாசி மழை விழுந்தபின் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.