பெயர் சொல்லி ஒரு கணக்கு

2012 ஜனவரி தொடக்கம். லண்டனில் ஓர் இளம்பெண்ணை அவளுடைய காதலனே கொன்றுவிட்டான். அந்தச் செய்தியைப் படித்த கேரன் இங்காலா ஸ்மித் என்ற பெண், இதுபோல வேறு யாரும் உண்டா என்று தேடிப் பார்த்தார். புத்தாண்டு பிறந்த மூன்றே நாளில், பிரிட்டனில் ஆண்களால் கொல்லப்பட்ட எட்டுப் பெண்கள்! ஒவ்வொருவர் பெயராக எழுதிவைக்க ஆரம்பித்தார்.

அந்தப் பட்டியல்தான் பிறகு பெண்கொலைக் கணக்கெடுப்பாக வளர்ந்தது. 2016 முதல் ஜெஸ் பிலிப்ஸ் என்ற எம்.பி. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அந்தப் பெயர்களை வாசிப்பதும் வழக்கமாயிற்று.

அந்தக் கணக்கெடுப்பின்படி, 2009 முதல் 2018 வரை பத்தாண்டுகளில், பிரிட்டனில் ஆண்களால் கொல்லப்பட்ட பெண்கள் 1,425 பேர். மூன்று நாளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களில் 62 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ காதலனோ, முன்பு அப்படி இருந்தவனோதான்.

எனக்கு மனசே ஆறாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. அப்படித் துணையின் கையால் இறந்தவர்களில் 43 சதவீதம் பேர் அவனை விட்டுப் பிரிந்தவர்கள், அல்லது பிரிய முயன்றவர்கள். "அடிக்கிறவனோடு ஏன் இருந்தாள், விட்டுட்டு வந்திருக்கலாமே" என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறோம்! வந்தவர்கள்தான் இவர்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், பிரிந்த ஓராண்டுக்குள் கொல்லப்பட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், முதல் மாதத்திலேயே.